கழிவு

டிக்கோயா கிளினிக்கில் தாதி தராசைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், மறுபடி தராசைப் பார்த்தாள்.
தொண்ணூற்றொன்று.
"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிருங்க மிஸ்"
என்றேன். அவள் சிரிக்கவில்லை.
கொழுந்து மடுவத்தில் இருபத்தொரு வருஷம்
நானும் சிரித்ததில்லை.

சோற்றை விடு, சீனியை விடு என்று
ஊர் சொல்வதை அவள் சொல்லவில்லை.
"கால் கரண்டி குறை. அடுத்த மாசம் வா."
அவளிடம் இருந்த தமிழ்
அவ்வளவுதான் போலும்.

விடிய ஐந்து மணி. பனி வாசலை அடைத்து நிற்கிறது.
சாயத்தில் மூன்று கரண்டி போடும் பிரேமகாந்தி
மூன்றாவதை விரலால் வழித்து
கொஞ்சத்தை டப்பாவுக்கே திருப்பினாள்.
பார்த்தேன். பார்க்காத மாதிரி குடித்தேன்.
நாக்கு ஒரு வாரம் முறைப்பாடு செய்தது,
பிறகு மறந்துபோனது.
இன்னொரு கால் கரண்டி போன அன்று
எழும்பி நின்று கத்தியது.
அதுவும் மறந்தது.

ரொட்டி மூன்றுதான், அன்றும் இன்றும்.
எண்ணிக்கையில் கை வைத்தால் சண்டை வரும் என்று
உருண்டையில் கை வைத்தாள்.
சம்பலை மட்டும் தொடவில்லை.
அதைத் தொட்டிருந்தால் நான் மாமனார் வீட்டுக்கு
ஆள் அனுப்பியிருப்பேன்.

நோர்வூட் பேக்கரிக் கண்ணாடிக்குள்
சீனி முதுகோடு படுத்திருக்கும் கிம்புலா பனிஸ்.
வாங்கி, வால் பக்கம் தின்று,
தலையை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனிடம் நீட்டினேன்.
அவன் அம்மா என்னை
ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள்,
பொகவந்தலாவ வரைக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஓர் அந்தி,
லொறி போய், மடுவம் வெறிச்சோடிய பிறகு
கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து
காலை மடக்கித் தொங்கினேன்.
முள் நடுங்கி நின்றது.
அண்ணாந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது
மறந்துவிட்ட படங்கை எடுக்க வந்தாள் தங்கேஸ்வரி.

இறங்கவும் முடியவில்லை, தொங்கவும் முடியவில்லை.
"எத்தன ஐயா?"
"எண்பத்தொன்பது."
படங்கை உதறி மடித்தாள்.
"கழிவு போகவா, போகாமலா?"

பதில் வேண்டுமென்று அவள் நிற்கவில்லை.
நான்தான் நின்றேன்.

இரண்டு கிலோ.
அறுபது விடியல், அறுபது அரைப்பசி,
பேக்கரியைக் கடக்கும்போது
நான் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட கழுத்து.
அவள் சாக்கிலிருந்து அதை எடுக்க எனக்கு
ஒரு பேனாக் கீறல் போதும்.
காலையில் ஒன்று, பகல் ஒன்று, அந்திக்கு ஒன்று.
பதினெட்டுக்குப் பதினேழு வந்தால்
அரைப்பேர். அதையும் நான்தான் எழுதினேன்,
வடிவான கையெழுத்தில்.

துரை சொன்ன கழிவு இரண்டு.
ஒரேயடியாக எடுத்தால்
துரையின் நாக்கு எழும்பி நிற்கும்.
அதனால் கால்.
முள் நடுங்கும் இடத்தில் பேனாவைக்
கொஞ்சம் மேலே சாய்த்தேன்.
கொப்பியில் ஒன்றே முக்கால் என்று எழுதாமல்
ஒன்றே முக்கால் கழித்தேன்.
அடுத்த மாதம் ஒன்றரை.

மழைக் கொழுந்து, ஈரம் கூட என்று பயந்து
இரண்டே வெட்டிய நாட்களும் உண்டு.
தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கை
ஒற்றை ஆளாய் முடித்ததும் உண்டு.
மறுநாள் இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை,
விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

இடுப்பு வாரில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டாயிற்று.
எண்பத்தாறு.
சாக்குக் கழிவு ஒன்றேகால்.
தாதி இன்னும் சிரிக்கவில்லை, ஆனால்
"ஹரி, ஹரி" என்று அட்டையில் ஏதோ எழுதினாள்.

தங்கேஸ்வரி சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறாள்.
முன்பெல்லாம் தரையைப் பார்ப்பாள்.
இப்போது முள்ளைப் பார்க்கிறாள்.
நான் சொல்வதற்கு முன்னால்
அவள் உதடு அசைகிறது.
பத்தொன்பது என்கிறேன்.
அவளிடம் இன்னும் ஒன்றேகால் இருக்கிறது,
அது எங்கள் இருவருக்கும் தெரியும்.